ஆறு மா நிலமும் ஒரு பிள்ளையின் கேள்வியும்



தாராசுரத்தில் ஐப்பசி மாதத்து மாலைகளில், மஃரிபுக்குப் பின் மக்தப் நடத்துவது எளிதன்று. சுற்றுவட்டார வயல்களில் சம்பா நடவு முடிந்து நீர் தேங்கி நிற்கும் பருவம் அது. விளக்கைப் போட்ட சற்று நேரத்தில் ஒருவகைச் சிறு பூச்சிகள் ஆயிரக்கணக்கில் வந்து மொய்க்கும். பார்வைக்குக் கொசுவைப் போல இருக்கும், ஆனால் கடிக்காது. ரைஹாலின் மீதும், விரித்து வைத்த முஸ்ஹஃபின் மீதும், ஓதுகிற பிள்ளைகளின் வாயிலும் வந்து விழும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மாலையில் பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி ஓதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “ஹஜ்ரத், இது கடிக்கவும் மாட்டேங்குது, தேனீ மாதிரி தேனும் தரல. அல்லாஹ் இத எதுக்குப் படைச்சான்?”

படைப்பு ஒவ்வொன்றிலும் ஹிக்மத் உண்டு, அது நம் அறிவுக்கு எட்டாது, நீ பாடத்தை ஓது என்று விடையளித்தோம். அவ்விடையில் பிழை ஏதும் இல்லை. எனினும், இஷாவுக்குள் பாடம் முடிய வேண்டுமே என்ற அவசரத்தில் சொன்ன விடை அது. அறியாமையை மறைக்க ஹிக்மத் என்னும் சொல்லைப் பயன்படுத்தினோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். அந்தப் பிள்ளைக்குரிய உண்மையான விடை அதே சம்பாவில், நம் வயலிலேயே, நல்ல விலைக்கு நமக்குக் கிடைத்தது.

நமக்கும் அண்ணனுக்கும் பொதுவாக அரசலாற்றுப் பாசனத்தில் ஆறு மா நிலம் உண்டு. மூன்று மா சேர்ந்தது ஓர் ஏக்கர் என்பது இப்பகுதிக் கணக்கு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம். பயிர் செய்வது அண்ணன். நம் பங்கு பாதிச் செலவும், கேட்காமலே சொல்லும் யோசனைகளும். அவ்வாண்டு சி.ஆர். 1009 நட்டிருந்தோம். நட்டு இருபத்தைந்து நாள் இருக்கும். இலைகளில் வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள் விழுந்தன. இலைச் சுருட்டுப் புழு. சற்றுப் பொறுக்கலாமா என்று அண்ணன் தயங்கினார். நாம்தான் பொறுக்கவில்லை. கடைத்தெருவுக்குப் போய், கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பூச்சிமருந்தை வாங்கி வந்தோம். அடித்தாயிற்று. ஒரு வாரத்தில் புதிய இலைகள் பச்சையாய் எழுந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்றோம். பயிர் இன்னும் செழிக்கட்டும் என்று யூரியாவும் ஒரு கை கூடுதலாகப் போடச் சொன்னோம்.

கார்த்திகை கடைசியில், கதிர் பொதி கட்டும் வேளையில், வயலின் நடுவே ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப் பயிர் பழுப்பேறியது. நான்கு நாளில் அது வட்டமாய் விரிந்தது. தீயில் வெந்தது போல் பயிர் காய்ந்து சாய்ந்தது. புகையான் என்று நம் முன்னோர் இதற்கு வைத்த பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதை, அந்த வரப்பில் நின்ற நாளில் உணர்ந்தோம். மீண்டும் மருந்து அடித்தோம். வட்டம் மேலும் விரிந்தது. வழக்கமாக 80 மூட்டை காணும் நிலத்தில் அவ்வாண்டு 35 மூட்டைதான் கண்டது. மகளின் நிக்காஹுக்காக உறவினர் இருவரிடம் கைமாற்று வாங்கியிருந்த அண்ணன், தை அறுவடையில் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை நிறைவேற்ற மேலும் இரண்டு அறுவடைகள் ஆயின. நம்மை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஜும்ஆவுக்கு நம் பள்ளிக்கு வருவார். தொழுகை முடிந்ததும் அவரை வயலுக்கு அழைத்துச் சென்றோம். காய்ந்த வட்டத்தின் ஓரத்தில் இறங்கி, ஒரு தூரைப் பிடித்து அடிப்புறத்தில் உள்ளங்கையால் தட்டினார். நீரின் மேல் பழுப்பு நிறத் தத்துப்பூச்சிகள் தவிடு கொட்டியது போல் விழுந்தன. பிறகு நான்கு வயல் தள்ளி, மருந்து அடிக்காத ஒரு வயலில் இறங்கி அதேபோல் தட்டினார். அங்கும் தத்துப்பூச்சி இருந்தது. எண்ணக்கூடிய அளவில் இருந்தது. அவற்றோடு, நீரின் மேல் கால் நனையாமல் ஓடும் சிலந்திகளும் இருந்தன. “ரெண்டுக்கும் ஒரே ஆத்துத் தண்ணி, ஒரே விதை. எது கொறையுதுன்னு நீங்களே பாருங்க ஹஜ்ரத்” என்றார்.

அன்று மாலை வரை வரப்பில் உட்கார்ந்து அவர் விளக்கியதன் சுருக்கம் இது. நட்ட முதல் நாற்பது நாட்களில் இலையைத் தின்னும் புழுவால் நெல்லுக்குப் பெரும்பாலும் விளைச்சல் இழப்பு நேர்வதில்லை. பயிர் புதிய இலைகளை விட்டு ஈடுகட்டிவிடும். ஆகவே முதல் மருந்தே தேவையற்றது. அந்த மருந்து புழுவைக் கொன்றதோடு சிலந்தியையும், தத்துப்பூச்சியின் முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் நாவாய்ப்பூச்சியையும் கொன்றது. தத்துப்பூச்சியோ தன் முட்டைகளை இலையுறைக்குள் பொதிந்து வைக்கிறது. தெளிக்கும் மருந்து அங்கே எட்டாது. ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை எழும். குஞ்சுகள் வெளிவந்தபோது வயல் காவலற்றுக் கிடந்தது. கூடுதல் யூரியாவால் சாறு கொழுத்த பயிர் அவற்றுக்கு விருந்தாகவும் ஆயிற்று. நெருக்கம் மிகும்போது நீண்ட சிறகுள்ள பூச்சிகள் தோன்றிப் பறந்து அடுத்த வயலுக்குப் போகும். இரண்டாம் முறை அடித்த மருந்து, எஞ்சியிருந்த காவலையும் துடைத்தது.

நாம் செய்த ஒவ்வொரு காரியமும் தனித்தனியே பார்த்தால் அறிவுள்ள காரியமே. புழுவுக்கு மருந்து, பயிருக்கு உரம், பூச்சிக்கு மீண்டும் மருந்து. நாம் பயிரைப் பார்த்தோம், புழுவைப் பார்த்தோம். இரண்டுக்கும் இடையே ஓடும் இழைகளைப் பார்க்கவில்லை. உயிர்களையும் அவை வாழும் மண், நீர், காற்று ஆகியவற்றையும் ஒரே அமைப்பாகக் கொள்ள வேண்டும் என்று கருதிய ஆங்கிலத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி, 1935-இல் அதற்கென்று ஒரு பெயரை வழங்கினார். தமிழில் அதைச் சூழல் மண்டலம் என்கிறோம். பள்ளிக்கூடத்தில் நாமும் அதைப் படித்து, புல்லைத் தவளை தின்பதாகப் படம் வரைந்து ஆசிரியரிடம் திட்டு வாங்கியதுண்டு. ஒரு மண்டலத்தில் ஒன்றை அசைத்தால் அதன் விளைவு சுற்றிவந்து, சில வேளை ஒரு மாதம் தாமதித்து, அசைத்தவனிடமே திரும்பும் என்பது படத்தில் இல்லை. அந்தத் தாமதம்தான் ஏமாற்றுகிறது. ஐப்பசியில் அல்ஹம்துலில்லாஹ் சொன்ன வாயால் கார்த்திகையில் இன்னா லில்லாஹி சொன்னோம்; இரண்டுக்கும் காரணம் ஒரே தெளிப்பான் என்பது அப்போது விளங்கவில்லை.

நம்மைவிடப் பெரிய அளவில் இதே பாடத்தைக் கற்றது இந்தோனேசியா. 1984-இல் அரிசியில் தன்னிறைவு கண்ட நாடு அது. பூச்சிமருந்து விலையில் பெரும்பகுதியை அரசே ஏற்றதால் உழவர்கள் தாராளமாகத் தெளித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் ஜாவா தீவில் புகையான் பரவி அத்தன்னிறைவையே ஆட்டங்காணச் செய்தது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ 57 பூச்சிமருந்துகளை நெல்வயலில் பயன்படுத்தத் தடை விதித்தார். 1989-க்குள் மானியமும் படிப்படியாக நீக்கப்பட்டது. விளைச்சல் சரியவில்லை. அங்கேதான் 1989-இல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. வாரம் ஒருமுறை உழவர்கள் வயலில் இறங்கிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, படம் வரைந்து, கலந்து பேசி முடிவெடுப்பார்கள். வட்டமாய் உட்கார்ந்து ஓதுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு அப்பள்ளியின் அமைப்பு மிகவும் பிடித்திருந்தது.

ஜாவாவின் வயல்களை ஆராய்ந்த வில்லியம் செட்டில் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1996-இல் வெளியிட்ட முடிவில்தான் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை இருந்தது. நடவு முடிந்த தொடக்க நாட்களில் வயலில் தத்துப்பூச்சி மிகக் குறைவு. அப்படியானால் சிலந்தி எதைத் தின்று பெருகுகிறது? மண்ணில் மட்கும் வைக்கோலையும் எருவையும் நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. அந்த மட்கிலும் நீர்ப்பாசியிலும் கடிக்காத கொசுவினப் பூச்சிகளின் புழுக்கள் வளர்கின்றன. அவை சிறகு முளைத்து நீரிலிருந்து எழும்போது சிலந்திகளுக்கு இரையாகின்றன. அப்படி உண்டு பெருகிய சிலந்திப் படை, பின்னால் வரும் பயிர்ப்பகையை எதிர்கொள்ள முன்கூட்டியே வயலில் நிற்கிறது. பெரியவர் இதைச் சொன்னபோது, “அந்தப் பூச்சி விளக்குக்கு வருமா?” என்று கேட்டோம். “ஐப்பசியில் உங்கள் மதரஸாவில் வந்து மொய்ப்பது வேறு எதுவென்று நினைத்தீர்கள்?” என்று திருப்பிக் கேட்டார்.

முஸ்ஹஃபின் மேலிருந்து நாம் ஊதித் தள்ளிய பூச்சி, நம் நெல்லுக்குக் காவலர்களை வளர்த்துக் கொடுக்கும் பூச்சி. இதைச் சொல்ல அந்தப் பிள்ளையைத் தேடினோம். அதற்குள் அவளது குடும்பம் திருப்பூருக்குக் குடிபெயர்ந்திருந்தது.

இத்தகைய பார்வை நம் மரபுக்கு அந்நியமானதன்று. பஸ்ராவில் பிறந்து ஹிஜ்ரி 255-இல் மறைந்த அல்-ஜாஹிஸ், ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் தம் பெருநூலில், எலி தன்னினும் எளியதைத் தேடி உண்பதையும், அந்த எலியைப் பாம்பு முதலியன தேடுவதையும், எந்த உயிரும் இந்தத் தொடருக்கு வெளியே நிற்பதில்லை என்பதையும் விளக்கினார். பஸ்ராவும் நம் ஊரைப் போல ஆறும் வாய்க்காலும் சேறும் நிறைந்த கழிமுக நாடு என்பது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. சூரா அர்-ரஹ்மானில் வரும் மீஸான் என்னும் சொல்லுக்கு வகுப்பில் நாம் எப்போதும் கடைத்தராசையே உதாரணம் காட்டி வந்தோம். இப்போது வயலையும் சேர்த்துக் காட்டுகிறோம்.

மருத்துவத்துக்காகத் தவளையைக் கொல்லலாமா என்று கேட்ட மருத்துவரை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் உண்டு. அதன் காரணத்தை வயல் பொருளாதாரத்தில் தேடிப் பொருத்துவது நமக்கு உடன்பாடில்லை. மார்க்கக் கட்டளை விஞ்ஞானச் சான்றிதழுக்காகக் காத்திருப்பதில்லை. ஆயினும், தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு 1987-இல் தடை செய்ததைப் படித்தபோது அந்த ஹதீஸ் நினைவுக்கு வராமல் இல்லை. வயல்களில் பூச்சியைத் தின்னும் தவளையைப் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, அதே பூச்சியைக் கொல்ல மருந்து வாங்கிக் கொண்டிருந்த நாடு நம் நாடு.

இனி, எழுத வேண்டாம் என்று பலமுறை தள்ளிப்போட்ட செய்திக்கு வருகிறோம். நம் வயலுக்குக் கீழ்ப்புறம் குத்தகைக்குப் பயிர் செய்பவர் மாற்று மதச் சகோதரர். இரண்டு மாடுகளும் ஒரு மா குத்தகை நிலமும்தான் அவருடைய ஆஸ்தி. நம் வயல் வெந்த பத்தாம் நாள் அவர் வயலிலும் வட்டம் விழுந்தது. சிறகு முளைத்தவை நம் வயலிலிருந்து போயிருக்கும் என்று பெரியவரும் சொன்னார். அச்சகோதரரோ “காத்துல வந்தா யாரு என்ன பண்ண முடியும் பாய்” என்று சொல்லிவிட்டார். அவர் விட்டாலும் நம்மை விடவில்லை. தன் நிலத்தில் தாளைக் கொளுத்தியவனின் நெருப்பு அண்டை நிலத்துக்குப் பரவினால் ஈடு உண்டா என்று ஃபிக்ஹ் நூல்கள் பேசுகின்றன. காற்று அமைதியாக இருந்த நாளா, பலமாக வீசிய நாளா என்று பார்க்கின்றன. நம் நெருப்புக்குப் புகையில்லை. நமக்குத் தெரியாமலே மூட்டிய நெருப்பு அது. சட்டப்படி நம்மீது ஈடு விழாது என்றே மூத்த ஆலிம் ஒருவரும் கருத்துரைத்தார். ஆனால் அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஆண்டுதோறும் பயான் செய்கிறவர், சட்டம் தொடாத இடத்தில் ஒளிந்துகொள்ள முடியாது.

அன்பியா சூராவில் சுட்டப்படும் தாவூத் (அலை), சுலைமான் (அலை) வழக்கை நாம் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். இரவில் ஆடுகள் ஒருவரது பயிரை மேய்ந்துவிட்டன. ஆடுகளையே ஈடாகக் கொடுத்துவிடுமாறு தந்தை தீர்ப்பளிக்க, மகனுக்கு வேறொரு தீர்ப்பு விளக்கப்பட்டது. நிலத்துக்காரர் ஆடுகளின் பாலையும் உரோமத்தையும் அனுபவித்துக்கொள்ளட்டும். ஆட்டுக்காரர் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். பயிர் தேறியதும் அவரவர் உடைமை அவரவரிடம் திரும்பட்டும் என்று தஃப்ஸீர்கள் அதை விவரிக்கின்றன. நிலத்துக்கு நேர்ந்த காயத்தை விலையால் அளக்காமல், அது மீளும் காலத்தால் அளந்த தீர்ப்பு அது. நாமும் அண்ணனும் பணமாகக் கொடுத்திருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார். புகையான் தின்ற வைக்கோலை மாடு தொடாது. எனவே நம் வயலில் தப்பிய மேட்டுப்பகுதி வைக்கோல் முழுவதையும் அவர் கொட்டிலுக்கு அனுப்பினோம். மறுபோகத்துக்கு அவர் நிலத்துக்கும் சேர்த்து விதை வாங்கினோம். அடுத்த கோடையில் அவரே தம் எருக்குழியிலிருந்து இரண்டு வண்டி எரு நம் வயலில் கொண்டுவந்து கொட்டினார். வேண்டாம் என்று சொல்ல அண்ணனுக்கு மனம் வரவில்லை, நமக்கும்தான்.

எருவைப் பற்றிப் பேசும்போது கிடை நினைவுக்கு வருகிறது. அறுவடைக்குப் பின் இராமநாதபுரம் சீமையிலிருந்து கீதாரிகள் செம்மறி மந்தைகளை ஓட்டிவந்து தஞ்சை வயல்களில் கிடை கட்டுவார்கள். அங்கே கோடையில் மேய்ச்சல் இல்லை. இங்கே வயல் வெறுமையாய்க் கிடக்கும். ஆடுகளுக்குத் தாளும் வரப்புப் புல்லும். நிலத்துக்குப் புழுக்கையும் சிறுநீரும். அந்தப் புழுக்கை மண்ணில் மட்கி, ஐப்பசியில் பூச்சியாய் எழுந்து, சிலந்திக்கு உணவாகிறது. ஆக, இராமநாதபுரத்து வறட்சிக்கும் நம் மதரஸா விளக்குக்கும் உறவு உண்டு. அத்தா காலத்தில் நம் ஊர்ப்பக்கம் கிடை கட்டாத வயல் அரிது. யூரியா மூட்டை வந்தபின் கீதாரியிடம் பேரம் பேச யாருக்கும் பொழுதில்லை.

தண்ணீரின் கதை இன்னும் நீளமானது. மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது முதல் ஜூன் 12 என்பது டெல்டாவின் நாட்காட்டியில் ஒரு பெருநாள். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்க வாய்க்கவில்லை. 2020-இல்தான் மீண்டும் வாய்த்தது. ஆற்றுநீர் ஒரே சமயம் வந்தால் ஊர் முழுவதும் ஏறக்குறைய ஒரே சமயம் நடும், ஒரே சமயம் அறுக்கும், ஒரே சமயம் வயல் காலியாகும். அந்த இடைவெளியில் பூச்சியும் எலியும் பட்டினி கிடந்து குறையும். ஆறு வராத ஆண்டில் ஆழ்குழாய் உள்ளவர் முன்னே நடுவார், இல்லாதவர் மழைக்குக் காத்திருந்து பின்னே நடுவார். எப்போதும் ஏதோ ஒரு வயலில் இளம்பயிர் இருந்துகொண்டே இருக்கும். புகையானுக்குப் பஞ்சமே வராது. கர்நாடகத்தில் பெய்யாத மழை தாராசுரத்தில் பூச்சியாய் முளைக்கும் வழி இது. மழையாலும் ஆற்றாலும் தானே பாயும் நிலத்தின் விளைச்சலில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சும் நிலத்தில் இருபதில் ஒன்று என்று ஜகாத்தின் அளவு மாறுவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, முன்பெல்லாம் இறைப்புக்கு ஏற்றத்தைத்தான் உதாரணம் காட்டுவோம். இப்போது பிள்ளைகளே மோட்டார் என்கிறார்கள்.

அந்த இழப்புக்குப் பின் நம் வயலில் செய்தவை பெரிதாக ஒன்றுமில்லை. எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுகிறோம். காற்றும் வெளிச்சமும் தூருக்குள் போகின்றன. யூரியாவைப் பிரித்துக் குறைவாக இடுகிறோம். தண்ணீரைக் கட்டி வைக்காமல் அவ்வப்போது வடித்துப் பாய்ச்சுகிறோம். கோடையில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறோம். எலிக்கு விஷம் வைப்பதை நிறுத்தி, மூங்கிலில் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டிக்கே திரும்பினோம். ஆந்தை உட்கார வயலில் கம்பு நட்டோம். இவற்றில் எது எவ்வளவு பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல நம்மால் இயலாது. ஒரு போகம் 74 மூட்டை, மறுபோகம் 81. மருந்தே தொடுவதில்லை என்று சத்தியம் செய்யவும் மாட்டோம், தேவைப்பட்டால் அடிப்போம். ஆனால் எண்ணாமல் அடிப்பதில்லை. வேளாண் துறையின் கணக்கே அழகானது: சிலந்தி இல்லாத வயலில் தூர்க் கிளை ஒன்றுக்கு ஒரு தத்துப்பூச்சி கண்டால் நடவடிக்கை எடுக்க வேண்டும், தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் கிளைக்கு இரண்டு வரை பொறுக்கலாம். ஒரு சிலந்தியின் இருப்புக்கு அரசாங்கப் புத்தகத்திலேயே மதிப்புப் போட்டிருக்கிறார்கள்.

இந்தச் சம்பாவில் நட்டு இருபத்து மூன்றாம் நாள் மீண்டும் வெள்ளைக் கோடுகள் விழுந்தன. ஃபஜ்ருக்குப் பின் அண்ணன் அழைக்க, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இருவரும் இறங்கினோம். நான்கு மூலையிலும் நடுவிலுமாக இருபது தூர் தட்டிப் பார்த்தோம். பதினேழில் சிலந்தி இருந்தது, சிலவற்றில் இரண்டு. வரப்பில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கீழ்வயல்காரர், “என்ன பாய், மருந்து அடிக்கப் போறீங்களா?” என்று கேட்டார். அவர் குரலில் இருந்த அச்சத்துக்கு நாம்தான் காரணம் என்று அறிவோம். அண்ணன் சேற்றுக் கையை வாய்க்காலில் கழுவிக்கொண்டே, “நாப்பது நாள் ஆகட்டும் தம்பி, பாத்துக்கலாம்” என்றார்.

அன்று மஃரிபுக்குப் பின் விளக்கைப் போட்டதும் பூச்சிகள் வந்தன. பிள்ளைகளைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினோம்.